மூன்றாவதிலேயே, நான்காவதில்தான்

சில ஆண்டுகளுக்கு முன்பு விண்வெளி வரலாறு பற்றிய ஓர் ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். சாட்டர்ன் 5 ராக்கெட்டைப் பற்றி ஒரு வரி வந்தது. 'ஆன் ஒன்லி இட்ஸ் தேர்ட் ஃப்ளைட்' அது மனிதர்களை நிலவு வரை கொண்டுபோனது என்று இருந்தது. நான் அதிகம் யோசிக்காமல், "தன் மூன்றாவது பயணத்தில் மட்டுமே மனிதர்களை ஏற்றிச் சென்றது" என்று எழுதி அனுப்பிவிட்டேன். சரிபார்த்தவர் அந்த வரிக்கு அடியில் கோடு போட்டு, ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதித் திருப்பி அனுப்பினார்: "அப்போ ஆர்ம்ஸ்ட்ராங் எதில் போனார்?"

நியாயமான கேள்வி. சாட்டர்ன் 5 முதலில் பறந்தது 1967 நவம்பரில், ஆள் இல்லாமல். இரண்டாவது பறப்பு 1968 ஏப்ரலில். அதிலும் ஆள் இல்லை, இயந்திரக் கோளாறு வேறு. அப்படியிருந்தும் அதே ஆண்டு டிசம்பரில், மூன்றாவது பறப்பில், மூன்று பேரை ஏற்றி நிலவைச் சுற்றிவர அனுப்பினார்கள். அதுதான் அப்பல்லோ 8. ஆர்ம்ஸ்ட்ராங் போன அப்பல்லோ 11 அதே ராக்கெட்டின் ஆறாவது பறப்பு. ஆக, 'மட்டுமே' என்று நான் எழுதியது வரலாற்றுப் பிழை. அங்கே தேவைப்பட்டது ஓர் ஏகாரம்தான்: "மூன்றாவது பறப்பிலேயே மனிதர்களை ஏற்றிச் சென்றது."

இதற்கு நேர் எதிராக இன்னொரு ராக்கெட். ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 1, 2006இல் ஒரு முறை, 2007இல் ஒரு முறை, 2008 ஆகஸ்ட்டில் ஒரு முறை என்று மூன்று முறை தோற்றது. 2008 செப்டம்பர் 28 அன்று நான்காவது பறப்பில் சுற்றுப்பாதையை எட்டியது. இதை ஆங்கிலத்தில் 'ஒன்லி ஆன் இட்ஸ் ஃபோர்த் ஃப்ளைட்' என்று சொல்வார்கள். தமிழில் "நான்காவது பறப்பில்தான்."

இரண்டு தொடர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் 'ஆன் ஒன்லி', மற்றதில் 'ஒன்லி ஆன்'. சொற்கள் அதே சொற்கள், இடம்தான் மாறியிருக்கிறது. பொருளோ தலைகீழ். ஒன்று "இவ்வளவு சீக்கிரமா!" என்கிறது, மற்றது "இவ்வளவு தாமதமா!" என்கிறது. ஆங்கிலம் ஒரு சொல்லை நகர்த்திச் செய்கிற வேலையைத் தமிழ், வால்பகுதியில் ஏகாரத்தை எடுத்துவிட்டுத் 'தான்' போட்டுச் செய்துவிடுகிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் ஆங்கிலத்தில் இந்த வகைத் தொடர்களை எனக்கு நிதானமாகப் படிக்க வந்தது.

இந்தத் தொடரில் மூன்று உறுப்பினர்கள். ஒன்று, 'ஃபர்ஸ்ட்', 'செகண்ட்', 'தேர்ட்' என்ற வரிசைச் சொல். இரண்டு, 'இன்', 'ஆன்', 'அட்', 'ஆஃப்டர்' என்று பெயருக்கு முன்னால் வந்து நிற்கும் பிரிபொசிஷன். நமக்கு வேற்றுமை உருபாகப் பின்னால் ஒட்டுவது அவர்களுக்கு முன்னால் தனியாக நிற்கிறது. மூன்று, 'எர்லி', 'லேட்', 'ஜஸ்ட்', 'ரைட்', 'ஒன்லி', 'ஈவன்' போன்ற வினையடை. பிரிபொசிஷனை ஒரு வாசல் என்று வைத்துக்கொண்டால், வினையடைக்கு நிற்க இரண்டு இடங்கள் உண்டு: வாசலுக்கு வெளியே, அல்லது வாசலைத் தாண்டி உள்ளே, வரிசைச் சொல்லுக்குப் பக்கத்தில். எல்லா வினையடைக்கும் இரண்டு இடத்திலும் அனுமதி கிடையாது. யார் வெளியே மட்டும் நிற்பார், யார் உள்ளேயும் போவார் என்பதில்தான் பெரும்பாலான சிக்கல்.

வெளியே மட்டும் நிற்பவர்களில் 'எர்லி'யும் 'லேட்'டும் முக்கியமானவர்கள். 'எர்லி ஆன் த தேர்ட் டே' என்றால் மூன்றாம் நாளின் தொடக்கத்தில். 'லேட் இன் த செகண்ட் ஹாஃப்' என்றால் இரண்டாவது பாதி முடியப்போகிற சமயத்தில். 'ஆன் எர்லி த தேர்ட் டே' என்று யாரும் சொல்வதில்லை. காரணம் எளிது. 'எர்லி' எடைபோடுவது 'மூன்றாவது' என்ற எண்ணை அல்ல; அந்த நாளுக்குள் நாம் எங்கே இருக்கிறோம் என்பதை. அந்த 'உள்ளே இருத்தல்' என்ற உறவைச் சொல்கிற சொல் பிரிபொசிஷன். ஆகவே 'எர்லி' அதன் தலைமாட்டில்தான் நிற்க வேண்டும்.

நடுவில் வினையடை வந்துவிட்டதால் பிரிபொசிஷன் மாறிவிடாது என்பதையும் கவனிக்க வேண்டும். காலை நேரத்துக்குப் பொதுவாக 'இன்', ஆனால் குறிப்பிட்ட தேதியின் காலைக்கு 'ஆன்'. எனவே 'எர்லி இன் த மார்னிங்' சரி. ஐந்தாம் தேதி என்று வந்துவிட்டால் 'எர்லி ஆன் த மார்னிங் ஆஃப் த ஃபிஃப்த்'. 'எர்லி'க்குப் பின்னால் 'இன்' என்று பழகிய நாக்கு இந்த இடத்தில் வழுக்கும். இன்னொரு சின்ன வலையும் உண்டு: 'எர்லி ஆன்' என்பதே ஒரு தனித் தொடர், 'ஆரம்பக் கட்டத்திலேயே' என்று பொருள். 'எர்லி ஆன் த தேர்ட் டே' என்று வேகமாகப் படிக்கும்போது முதல் இரண்டு சொற்களை ஒட்டவைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் மிச்சம் எங்கே சேர்கிறது என்று தெரியாமல் திரும்பி வந்திருக்கிறேன்.

நூற்றாண்டு என்று வரும்போது 'லேட்' இரண்டு வேடம் போடுகிறது. 'லேட் இன் த எய்ட்டீன்த் செஞ்சுரி' என்றால் அது வெளியே நிற்கும் வினையடை. 'இன் த லேட் எய்ட்டீன்த் செஞ்சுரி' என்றால் உள்ளே போனது போலத் தெரியும். ஆனால் அங்கே அது வினையடையே அல்ல, நூற்றாண்டுக்கு அடைமொழி. 'த' என்ற சொல்லுக்குப் பின்னால் போயிருப்பதே அதற்கு அடையாளம். பொருளில் பெரிய வேறுபாடு இல்லை என்றாலும் என் காதுக்கு முதலாவது கொஞ்சம் குறுகலாக ஒலிக்கிறது. 1789இல் தொடங்கிய பிரெஞ்சுப் புரட்சியை இரண்டு விதமாகவும் சொல்லலாம். 1760களில் நடந்த ஒன்றை 'இன் த லேட்' என்று சொன்னாலும் சொல்வார்கள், 'லேட் இன்' என்று சொல்ல யோசிப்பார்கள். தமிழில் இரண்டுக்கும் 'பிற்பகுதியில்', 'இறுதியில்' என்று இரு சொற்கள் இருப்பது நல்ல வசதி. பதினெட்டாம் நூற்றாண்டு என்பது 1701 முதல் 1800 வரை, 1800களின் பிற்பகுதி என்பது வேறு நூற்றாண்டு என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. மொழிபெயர்ப்புகளில் ஒரு நூறு ஆண்டுகள் இப்படித்தான் காணாமல் போகின்றன.

'ஆஃப்டர்', 'பிஃபோர்' வந்தால் கூட்டாளிகள் வேறு. 'சூன்', 'ஷார்ட்லி', 'லாங்', 'ஜஸ்ட்', 'வெல்' எல்லாம் இடைவெளியை அளப்பவை. 'ஷார்ட்லி ஆஃப்டர் த ஃபர்ஸ்ட்' என்றால் முதலாவது முடிந்து சற்று நேரத்தில். 'லாங் பிஃபோர் த செகண்ட்' என்றால் இரண்டாவதுக்கு வெகு முன்பே. இதில் ஒரு வேடிக்கை: 'ஷார்ட்லி' இரண்டு பக்கமும் போகும், 'சூன்' போகாது. 'சூன் ஆஃப்டர்' இயல்பு. 'சூன் பிஃபோர்' காதில் இடிக்கும். 'சூன்' என்ற சொல்லுக்கே முகம் முன்னோக்கித்தான், பின்னால் திரும்பிப் பார்க்காது. தமிழில் 'விரைவில்' என்பதும் அப்படித்தானே. 'முதல் கூட்டத்துக்கு விரைவில் முன்பு' என்று யாராவது எழுதுவோமா?

நீளமான ஒன்றுக்குள் நடந்துபோவது போன்ற தொடர்களுக்கு 'இன்டு', 'த்ரூ'. 'வெல் இன்டு த தேர்ட் வீக்' என்றால் மூன்றாவது வாரம் தொடங்கி நன்றாகவே நாள் கடந்த பிறகு. 'டீப் இன்டு' இன்னும் ஆழம். 'ஹாஃப்வே த்ரூ த செகண்ட் சாப்டர்' என்றால் இரண்டாவது அத்தியாயத்தைப் பாதி தாண்டியபோது. 'டு' போன்ற சேருமிடச் சொற்களோடு 'ஸ்ட்ரெய்ட்', 'ஆல்மோஸ்ட்' எல்லாம் வரும்: 'ஸ்ட்ரெய்ட் டு த ஃபிஃப்த் ஃப்ளோர்', நேரே ஐந்தாவது மாடிக்கு. எந்த மாடி என்பதில் பிரிட்டிஷாருக்கும் அமெரிக்கருக்கும் ஒரு மாடி வித்தியாசம் இருப்பது தனிக் கதை.

'ரைட்' தனிப் பிறவி. இடத்துக்கும் காலத்துக்கும் துல்லியம் சேர்க்கும் இந்த 'ரைட்', பொது ஆங்கிலத்தில் பிரிபொசிஷனுக்கு முன்னால் வசதியாக நிற்கும். சாதாரண வினையடைகளுக்கு முன்னால் நிற்காது. 'ரைட் ஆஃப்டர்' உண்டு, 'ரைட் க்விக்லி' கிடையாது. அமெரிக்கத் தென்பகுதி வழக்கில் 'ரைட் நைஸ்' என்பார்கள், அதை விட்டுவிடலாம். ஒரு சொல் பிரிபொசிஷன்தானா என்று சோதிக்க இலக்கணக்காரர்கள் 'ரைட்'டை உரைகல்லாகவே வைத்திருக்கிறார்கள். 'ரைட் ஆஃப்டர் த செகண்ட் செஷன்' என்பதற்கு "இரண்டாவது அமர்வு முடிந்த கையோடு" என்று தமிழில் அழகாகச் சொல்லலாம். 'ரைட் ஃப்ரம் த ஃபர்ஸ்ட் பேஜ்' என்றால் "முதல் பக்கத்திலிருந்தே". இங்கேயும் ஏகாரம் வந்து உட்கார்ந்துகொள்வதைக் கவனியுங்கள்.

ஆனால் 'ரைட்' ஏமாற்றவும் செய்யும். 'ஹி காட் இட் ரைட் ஆன் த ஃபர்ஸ்ட் ட்ரை' என்ற வரியைப் பாருங்கள். 'ரைட்'டும் 'ஆன் த ஃபர்ஸ்ட் ட்ரை'யும் தோளோடு தோள் நின்றாலும் அவற்றுக்குள் உறவே இல்லை. இந்த 'ரைட்' முன்னால் உள்ள 'காட் இட்' என்பதோடு சேர்ந்து "சரியாகச் செய்துவிட்டான்" என்று ஆகிறது. "முதல் முயற்சியிலேயே" என்பது தனி. பேசும்போது 'ரைட்'டுக்குப் பிறகு ஒரு துளி நிறுத்தம் விழும், குழப்பம் வராது. எழுத்தில் நிறுத்தம் தெரியாது. பக்கத்தில் நிற்பதாலேயே இரண்டு சொற்கள் கூட்டு என்று முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, வாசலைத் தாண்டி உள்ளே போகிறவர்களைப் பார்க்கலாம். 'ஒன்லி', 'ஜஸ்ட்', 'பர்ஹாப்ஸ்', 'ப்ராபப்ளி', 'எக்ஸாக்ட்லி', 'அபவுட்' ஆகியவை இந்தக் கூட்டம். 'ஃபார் பர்ஹாப்ஸ் த ஃபர்ஸ்ட் டைம்' என்றால் "அநேகமாக முதல் முறையாக". 'பை அபவுட் த டென்த் பேஜ்' என்றால் "பத்தாவது பக்கம் வாக்கில்". இவையெல்லாம் உறவை எடைபோடவில்லை. வரிசைச் சொல்லையே பிடித்துக்கொண்டு, அது முதலாவதுதானா, ஏறத்தாழப் பத்தாவதா, வெறும் மூன்றாவதா என்று மதிப்பிடுகின்றன. அதனால்தான் பிரிபொசிஷனையும் தாண்டி எண்ணுக்குப் பக்கத்தில் போய் நிற்க முடிகிறது. 'எர்லி'க்கு அந்த அனுமதி இல்லாததற்கும் 'ஒன்லி'க்கு இருப்பதற்கும் காரணம் இதுதான்.

இப்போது மறுபடி ராக்கெட்டுகளுக்கு வரலாம். வரிசை எண் என்பது ஏணிப்படி: ஒன்றாவது, இரண்டாவது, மூன்றாவது. 'ஒன்லி' உள்ளே போய் 'தேர்ட்' பக்கத்தில் நின்றால், "இது மூன்றாவது படிதான், அதற்கு மேல் ஏறவில்லை" என்கிறது. எண் சிறியது, ஆகவே நிகழ்ச்சி சீக்கிரம். 'ஒன்லி' வெளியே நின்றால் படியின் உயரத்தைப் பற்றி அது கவலைப்படாது. "இந்தச் சந்தர்ப்பத்தில், மற்றதில் இல்லை" என்று மற்றவற்றை விலக்குகிறது. நடந்துகொண்டே வரும் வரிசையில் விலக்கப்படுவது முந்தைய படிகள். மூன்று முறை நடக்கவில்லை, நான்காவதில் நடந்தது, ஆகவே தாமதம். ஒரே 'ஒன்லி', இரண்டு இடத்திலும் எதையோ குறுக்கத்தான் செய்கிறது. எதைக் குறுக்குகிறது என்பதில்தான் வித்தியாசம்.

வெளியே நிற்கும் 'ஒன்லி'க்குள்ளும் இரட்டைப் பொருள் ஒளிந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'ஒன்லி ஆன் த தேர்ட் டே டிட் இட் ரெய்ன்' என்றால் "மூன்றாம் நாள்தான் மழை பெய்தது" என்றும் கொள்ளலாம், "மூன்றாம் நாள் மட்டும் மழை பெய்தது" என்றும் கொள்ளலாம். முன்னது தாமதம், பின்னது தனிமை. நான்காம் நாளும் மழை பெய்ததா இல்லையா என்பதில் இரண்டும் பிரிகின்றன. ஆங்கிலம் சந்தர்ப்பத்தைப் பார்த்துப் புரிந்துகொள் என்று விட்டுவிடுகிறது. நாம் விட முடியாது, 'தான்' போடுவதா 'மட்டும்' போடுவதா என்று முடிவு எடுத்தே ஆக வேண்டும். மொழிபெயர்ப்பவர் மூலத்தில் இல்லாத ஒரு தெளிவைத் தன் பொறுப்பில் கொண்டுவருகிற இடம் இது.

இந்த வெளி-உள் பிரிவு வெறும் பொருள் நுட்பம் இல்லை, இலக்கணத்திலும் கையில் பிடிக்கிற சாட்சி உண்டு. 'ஒன்லி ஆன் இட்ஸ் ஃபோர்த் ஃப்ளைட்' என்று வாக்கியத்தைத் தொடங்கினால், அடுத்து 'டிட் ஃபால்கன் ஒன் ரீச் ஆர்பிட்' என்று, கேள்வி கேட்பது போல 'டிட்' எழுவாய்க்கு முன்னால் வந்தாக வேண்டும். 'ஆன் ஒன்லி இட்ஸ் தேர்ட் ஃப்ளைட்' என்று தொடங்கினால் அது தேவையே இல்லை. 'சாட்டர்ன் ஃபைவ் கேரீட் மென்' என்று நேராகப் போகலாம். வாசலுக்கு வெளியே நிற்பவர் குரல் வாக்கியம் முழுக்கக் கேட்கிறது, அதனால் வாக்கியமே திரும்பி நிற்கிறது. உள்ளே போனவர் குரல் அந்த அறைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

எதிர்மறைச் சொல்லுக்கும் இதே கணக்கு. 'நாட் அன்டில் த ஃபோர்த் ஃப்ளைட்' என்று தொடங்கினால் 'டிட்' வரும். 'நாட் லாங் ஆஃப்டர் த தேர்ட் ஃப்ளைட்' என்று தொடங்கினால் வராது. ஃபால்கன் 1 கதையில் இரண்டுமே உண்மை: நான்காவது பறப்பு வரைக்கும் சுற்றுப்பாதை கிட்டவில்லை, மூன்றாவது தோற்று இரண்டு மாதம்கூட ஆகாமல் நான்காவது கிளம்பிவிட்டது. முதல் வாக்கியத்தில் 'நாட்' முழு நிகழ்ச்சியை மறுக்கிறது. இரண்டாவதில் 'லாங்' என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் மறுத்து "ரொம்ப நாள் ஆகவில்லை" என்கிறது. தமிழில் முன்னதை "வரை... இல்லை" என்று வினையில் மறுக்கிறோம், பின்னதற்கு "சீக்கிரத்தில்" என்று சொல்லிவிட்டு மறுப்பையே கைவிட்டுவிடுகிறோம்.

பேச்சு ஆங்கிலத்தில் 'ஒன்லி' பெரும்பாலும் வினைக்கு முன்னால் போய் நின்றுவிடும்: 'இட் ஒன்லி ரீச்டு ஆர்பிட் ஆன் இட்ஸ் ஃபோர்த் ஃப்ளைட்'. எந்தச் சொல்லைக் குறுக்குகிறதோ அதன் பக்கத்தில்தான் 'ஒன்லி' நிற்க வேண்டும் என்று கறாராகப் பேசும் ஒரு கட்சி அங்கே வெகுகாலமாக உண்டு. ஆங்கில வழக்குக் கையேடு எழுதிய எச். டபிள்யூ. ஃபவுலர் 1926இலேயே அந்தக் கட்சியைக் கிண்டல் செய்தார். பொருள் குழம்பாத வரை வாய்க்கு வந்த இடத்தில் இருக்கட்டும் என்பது அவர் பக்கம். நானும் அவர் பக்கம்தான், ஒரு நிபந்தனையோடு. வினைக்கு முன்னால் நிற்கும் 'ஒன்லி' தாமதப் பொருளைத்தான் தரும். "இவ்வளவு சீக்கிரமா" என்று சொல்ல வேண்டுமானால் அதை எண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாமல் முடியாது. 'சாட்டர்ன் ஃபைவ் ஒன்லி கேரீட் மென் ஆன் இட்ஸ் தேர்ட் ஃப்ளைட்' என்று எழுதினால், இரண்டு முறை வீணாய்ப் போய் மூன்றாவதில்தான் ஒப்பேறியது என்ற தொனி வந்துவிடும். பெருமை குறையாகிவிடும்.

தமிழ்ப் பக்கத்தில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். 'ஏ' என்றால் சீக்கிரம், 'தான்' என்றால் தாமதம் என்று மேலே சொன்னது, அவை 'பறப்பில்' என்ற உருபேற்ற சொல்லுக்குப் பின்னால் வரும்போது மட்டும். 'தான்' பயனிலையில் போய் உட்கார்ந்தால் கட்சி மாறிவிடும்: "அது மூன்றாவது பறப்புதான், அதற்குள் ஆளை ஏற்றிவிட்டார்கள்." இங்கே 'தான்' எண்ணைச் சிறிதாக்குகிறது, ஆங்கிலத்தின் உள்ளே நிற்கும் 'ஒன்லி' செய்கிற அதே வேலை. "மூன்றாவது பறப்பில்தான்" என்றால் தாமதம். "மூன்றாவது பறப்புதான்" என்றால் சீக்கிரம். நடுவில் ஓர் 'இல்' உருபு இருக்கிறதா இல்லையா என்பதே பொருளைப் புரட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் பிரிபொசிஷனுக்கு எந்தப் பக்கம் 'ஒன்லி' நிற்கிறது என்று பார்த்தோமே, இங்கே 'தான்' வேற்றுமை உருபைத் தாண்டி நிற்கிறதா, தாண்டாமல் நிற்கிறதா என்று பார்க்கிறோம். இரண்டு மொழியும் வேறு வேறு கதவு வழியாக ஒரே அறைக்குள் வருகின்றன. ஏகாரத்துக்குத் தொல்காப்பியம் ஐந்து பொருளும் நன்னூல் ஆறு பொருளும் சொல்கின்றன. நாம் அதை எத்தனையோ இடங்களில் யோசிக்காமல் போட்டுக்கொண்டே போகிறோம்.

"பிரிபொசிஷன் இன்றியே" வரும் ஒரு தொடரும் இந்தக் கூட்டத்தில் சேர்த்தி: 'அஸ் எர்லி அஸ் த தேர்ட் செஞ்சுரி'. கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டுவிட்டார் என்று சொல்ல இது பயன்படும். 'இன்' இதற்குள் கரைந்துபோய்விட்டது. 'இன் அஸ் எர்லி அஸ்' என்று எழுதுபவர்கள் உண்டு, நல்ல ஆங்கிலத்தில் அதைத் தவிர்ப்பார்கள். இதற்கு இணையான 'அஸ் லேட் அஸ்' வந்தால் "வரையிலும்கூட" என்று நாம் போக வேண்டியிருக்கும்: கோப்பர்னிக்கஸின் நூல் கத்தோலிக்கத் திருச்சபையின் தடைப் பட்டியலில் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரையிலும்கூட இருந்தது, 1835 பட்டியலில்தான் அது இல்லை.

எத்தனை வினையடைகளை அடுக்கலாம்? இரண்டு, மூன்று வரை தாங்கும். 'ஒன்லி வெரி லேட் ஆன் த ஃபிஃப்த் டே' என்று எடுத்துக்கொள்வோம். வெளியிலிருந்து உள்ளே போனால் முதலில் விலக்கும் சொல் 'ஒன்லி', அப்புறம் அளக்கும் சொல் 'வெரி லேட்', அப்புறம் 'ஆன்', கடைசியில் 'ஐந்தாம் நாள்'. தமிழில்: "ஐந்தாம் நாளின் கடைசிக் கட்டத்தில்தான்". நாள் முதலில், கட்டம் அடுத்து, உருபு அதன் பின், 'தான்' வாலில். ஏறத்தாழக் கண்ணாடிப் பிம்பம். ஆங்கிலத்தில் தலையில் இருப்பது நமக்கு வாலில். ஆனால் கண்ணாடியில் ஒரு கீறல் உண்டு: 'ஈவன் ஜஸ்ட் பிஃபோர் த ஃபர்ஸ்ட் மேட்ச்' என்பதைத் தமிழாக்கினால் "முதல் ஆட்டத்துக்குச் சற்று முன்புகூட". 'ஈவன்' ஒழுங்காக வாலுக்குப் போய்க் 'கூட' ஆகிவிட்டது. 'ஜஸ்ட்' மட்டும் 'சற்று' ஆகி, ஆங்கிலத்தில் நின்றது போலவே 'முன்பு' என்பதற்கு முன்னாலேயே நிற்கிறது. அளவைச் சொல்லும் சொல் இரண்டு மொழியிலும் முன்னால். விலக்கும், சேர்க்கும் சொற்கள் அங்கே தலையில், இங்கே வாலில்.

சில தொடர்கள் உறைந்துபோனவை. 'அட் ஃபர்ஸ்ட்' என்பதில் 'த' உதிர்ந்துவிட்டது. அதற்கு வெளியே 'ஒன்லி' நிற்கலாம், உள்ளே நுழைய இடமே இல்லை. 'இன் த ஃபர்ஸ்ட் ப்ளேஸ்' என்பதில் முதல் இடமும் இல்லை, வரிசையும் இல்லை, "முதலில் அங்கே எதற்குப் போனாய்?" என்று நாம் கேட்கும்போது அந்த 'முதலில்' எவ்வளவு எண்ணோ அவ்வளவுதான் அதுவும். ஆனால் 'ஃபார் த ஃபர்ஸ்ட் டைம்' இன்னும் உயிரோடு இருக்கிறது. 'பர்ஹாப்ஸ்' உள்ளே போகும், 'வெரி' போகும், எண்ணும் மாறும். இங்கே நமக்கு ஒரு பெருமை: "எத்தனையாவது முறை?" என்று தமிழில் ஒரே சொல்லில் கேட்டுவிடலாம். ஆங்கிலத்தில் 'எத்தனையாவது' என்பதற்கு நேரான சொல் இல்லை. சுற்றி வளைத்துத்தான் கேட்க வேண்டும். வரிசைச் சொற்களை இவ்வளவு நுணுக்கமாக அடைமொழியிட்டுப் பேசும் மொழிக்கு, அதைப் பற்றிக் கேள்வி கேட்க ஒரு சொல் அமையவில்லை.

வினையடையும் பிரிபொசிஷனும் வரிசைச் சொல்லும் சேர்ந்து ஒரு நாட்டின் நாட்காட்டியையே பிடித்து வைத்திருக்கும் இடமும் உண்டு. அமெரிக்க அதிபர் தேர்தல் நாளை நிர்ணயித்த 1845ஆம் ஆண்டுச் சட்டம், நவம்பர் மாதத்தில் 'த டியூஸ்டே நெக்ஸ்ட் ஆஃப்டர் த ஃபர்ஸ்ட் மண்டே' என்கிறது. வெறும் 'ஆஃப்டர்' என்றிருந்தால், முதல் திங்களுக்குப் பின் வரும் எந்தச் செவ்வாயும் அதற்குள் அடங்கும். வாதாட ஆள் கிடைத்தால் நான்காவது வாரச் செவ்வாயும்தான். 'நெக்ஸ்ட்' வாசலுக்கு வெளியே நின்று இடைவெளியை அளந்து, "ஒட்டி வருவது" என்று ஆணி அடிக்கிறது. 'முதல் செவ்வாய்' என்று சுருக்கமாகச் சொன்னால் நவம்பர் 1ஆம் தேதியும் அதில் வந்துவிடும்; இந்தச் சுற்றுவழியால் தேர்தல் 2ஆம் தேதிக்கும் 8ஆம் தேதிக்கும் இடையில்தான் விழும்.

ஆங்கிலத் திருச்சபையின் ஈஸ்டர் விதியிலும் இதே 'நெக்ஸ்ட் ஆஃப்டர்' இருக்கிறது. மார்ச் 21ஆம் தேதியிலோ அதை ஒட்டிப் பின்னாலோ வரும் முழுநிலவுக்கு அப்புறம் வரும் முதல் ஞாயிறு ஈஸ்டர். நிலவைப் பொறுத்து ஈஸ்டர் ஆண்டுதோறும் அலைவதை நிறுத்தி, ஏப்ரலின் இரண்டாவது சனிக்குப் பின் வரும் முதல் ஞாயிறு என்று நிலைநிறுத்த பிரிட்டனில் 1928இல் ஒரு சட்டம் போட்டார்கள். அச்சிட்ட சட்டம் இன்னும் இருக்கிறது, நடைமுறைக்குத்தான் கொண்டுவரவில்லை.